மைக் இல்லாததால் வந்த குரலா?

எஸ்.ஜி. கிட்டப்பாவைப் பற்றி யார் எழுதப் புகுந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது: அந்தக் காலத்தில் மைக் கிடையாது, கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டுமே என்று உச்ச ஸ்ருதியில் பாடினார்கள். கே.பி. சுந்தராம்பாளுக்கும் இதே வாக்கியம்தான், பி.யு. சின்னப்பாவுக்கும் இதேதான். பாராட்டாகச் சொல்கிறவர்களே அதிகம். ஆனால் அந்தப் பாராட்டின் பின்னாலேயே இன்னொரு வாக்கியமும் வந்து நிற்கும்: மைக் வந்தது, தொண்டை கிழியக் கத்த வேண்டிய தேவை போனது, பிறகுதான் பாட்டில் நளினமும் உணர்ச்சியும் சேர்ந்தன. ஒரு தலைமுறைக்கும் மேலாகச் சினிமா வரலாற்றுக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இது கேள்வியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ் நாடக மேடை வளர்த்த ஒரு பெரிய பாட்டுக்கலையை, ஒரு கருவி இல்லாத குறையாகச் சுருக்கிவிடுகிறது இந்தக் கணக்கு. அதோடு, அந்தப் பாடகர்களின் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து வைத்திருப்பவர்களைப் பழம்பெருமையில் கிறங்கிக் கிடப்பவர்கள் என்று ஒதுக்கியும் விடுகிறது. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. அதற்கான முதல் சாட்சி அந்தத் தட்டுகளேதான்.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். செங்கோட்டையில் 1906ல் பிறந்த கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் காலமானார். அவர் மேடையேறிய ஆண்டுகளில் பெரும்பகுதி ஒலிபெருக்கி இல்லாத ஆண்டுகள். தகரக் கொட்டகை, காஸ் விளக்கு, தரை டிக்கெட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டம், நடுவே சோடா விற்பவனின் குரல்: இத்தனையையும் தாண்டித்தான் பாட்டு போய்ச் சேர வேண்டியிருந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் குரல் தூரம் போக வேண்டும் என்பதிலிருந்து, குரல் உயரத்தில் இருந்தாக வேண்டும் என்ற முடிவு எப்படி வருகிறது? ஸ்ருதி வேறு, சத்தம் வேறு, தூரம் போகும் தன்மை வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது.

ஐரோப்பிய ஓபரா மேடையைப் பாருங்கள். அங்கே இன்றும் மைக் இல்லாமல் பாடுவதுதான் மரபு. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் ஏறக்குறைய 3,800 இருக்கைகள். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் எழுபது எண்பது வாத்தியங்கள். உயர்குரலில் பாடும் டெனார்களும் சோப்ரானோக்களும் மட்டுமா அதைத் தாண்டிக் கேட்கிறார்கள்? அடிக்குரலில் பாடும் பாஸ் பாடகரின் மெல்லிய முணுமுணுப்பும் மேல்மாடிக் கடைசி வரிசைக்குப் போகிறது. தூரம் போக உயரம்தான் வழி என்றால் ஓபராவில் பாஸ் என்றொரு குரல் வகைக்கே இடம் இருந்திருக்காது. குரல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களிலேயே அளந்து காட்டினார். வாத்தியக் குழுவின் ஒலிவலு 500 ஹெர்ட்ஸ் அருகில் உச்சம் கண்டு, மேலே போகப் போகக் குறைகிறது. பயின்ற ஓபரா ஆண்குரலோ 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு தனி வலுவைத் திரட்டிக்கொள்கிறது. வாத்தியங்கள் விட்டுவைத்த அந்த இடைவெளி வழியாகக் குரல் நுழைந்து போகிறது. இது தொண்டையின் அமைப்பைப் பழக்கி வாங்கும் வித்தை. கத்தி வாங்க முடியாதது. கத்துகிற தொண்டை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. விடிய விடிய நடந்த நாடகத்தில், வாரத்தில் பல இரவுகள், ஆண்டுக்கணக்கில் பாடிய ஒருவரைக் கத்தினார் என்று சொல்வதற்கு முன் இதை யோசித்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் அவ்வளவு உயரம்? விடை நாடகத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக்கொடுத்த மேடையின் உயிர், தர்க்கப் பாட்டு. வள்ளி திருமணத்தில் வேலனும் வேடனும் விருத்தனும் வருவது வள்ளியோடு பாட்டில் வாதாடத்தான். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்க வேண்டும். ஒருவர் போட்ட சங்கதிக்கு மற்றவர் பதில் சங்கதி போட வேண்டும். பக்கத்தில் இருப்பது ஒரே ஹார்மோனியம், ஒரே ஸ்ருதி. கச்சேரி மேடையில் இன்று ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் பாடுகிறார்கள். பெண்கள் நாலரை, ஐந்து, ஐந்தரை. தர்க்க மேடையில் இந்த இரண்டையும் ஒரே இடத்தில் கட்டியாக வேண்டும். ஆணின் வசதிக்கு இரண்டு கட்டையில் வைத்தால் பெண்ணுக்குக் கீழ் ஸ்தாயியே கிடையாது; பாதிப் பாட்டு தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே நாயக வேடம் போடும் ராஜபார்ட் மேலே ஏறி வந்தார். ஏறி வருவதற்கான பயிற்சியும் அந்த மேடையிலேயே இருந்தது. 1918ல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் குரல் உடைவதற்கு முன்பே பெண் ஸ்ருதியில் பாடிப் பழகினார்கள். ஸ்திரீபார்ட் போட்ட பையன் வளர்ந்து ராஜபார்ட் ஆனான். மறுபக்கம், பெண்களும் ராஜபார்ட் போட்டார்கள். சுந்தராம்பாள் 1935ல் திரையில் நந்தனாராகவே வந்தார். ஆண் பெண் வேடங்கள் இப்படி மாறி மாறிப் புழங்கிய மேடைக்குப் பொதுவான ஓர் உயர் ஸ்ருதி அமைந்தது இயல்பு. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் 1926ல் கொழும்பில் சந்தித்து, 1927ல் மணம் செய்துகொண்டு, சேர்ந்து நடித்த நாடகங்களுக்கு ஜனம் திரண்டது இந்தப் போட்டியைக் கேட்கத்தான். ஸ்ருதியை இறக்கியிருந்தால் அந்தப் போட்டியே இல்லை.

இதை நிரூபிக்க 1927க்குப் போக வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் மாரியம்மன் பண்டிகைக்கோ நோம்பிக்கோ கூத்து வைக்கும் ஏதாவது ஓர் ஊருக்குப் போனால் போதும். களரிக்கு மேலே கயிற்றில் மைக் தொங்குகிறது, பக்கத்திலேயே பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கி. கூத்துக்காரர் ஸ்ருதியை இறக்கிவிட்டாரா? இறக்கவில்லை. அவரைத் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்து வரும் முகவீணை சின்னஞ்சிறு குழல். அதன் இடம் மேலேதான். பாட்டும் குழலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் அந்த உயரத்தில்தான் துரியோதனனின் ஆங்காரமும் திரௌபதியின் முறையீடும் கேட்கிறவனுக்குப் பற்றிக்கொள்கின்றன. மைக் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் கூத்தின் ஸ்ருதி அங்கேயே நிற்கிறது என்றால், மைக் இல்லாததுதான் அதற்குக் காரணம் என்ற பேச்சு எப்படி நிற்கும்? அந்தப் பேச்சு கிட்டப்பாவை மட்டும் குறைக்கவில்லை. இன்றைக்கும் ராத்திரி முழுக்கப் பாடிவிட்டு விடிகாலையில் வேடம் கலைக்கிற ஒரு கலைஞரையும், வேறு வழி தெரியாமல் கத்துகிறவர் என்று சேர்த்தே குறைக்கிறது. இதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது தட்டுகளுக்கு வருகிறேன். மைக் இல்லாக் காலத்துப் பாடகர் என்று எல்லோரும் சொல்லும் கிட்டப்பாவை நாம் எதன் வழியாகக் கேட்கிறோம்? பதிவு அறையில், கருவிக்கு முன்னால் நின்று பாடிய இசைத்தட்டுகள் வழியாக. அங்கே கடைசி வரிசை இல்லை, சோடாக்காரன் இல்லை. அதற்கும் மேலே, கிராமபோன் பதிவில் 1925ல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை கொம்புக்குழாய்க்குள் பாடினார்கள். அதன் பிறகு மைக்ரோபோன் வைத்து மின்முறையில் பதிந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த முறை இந்தியாவுக்கும் வந்துவிட்டது. கிட்டப்பா தட்டுகளில் பாடிய காலம், கொம்புக்குழாய் விடைபெற்று மைக் வந்து சேர்ந்த அதே காலம். சில அடி தூரத்தில் இருக்கும் மைக்குக்கு ஒன்றரைக் கட்டையில் பாடினாலும் கேட்கும், மூன்று கட்டையில் பாடினாலும் கேட்கும். கேட்பதற்காக மட்டுமே மேலே போனவராக இருந்தால், அன்றைக்கே இறங்கியிருக்கலாம். அவர் இறங்கவில்லை, மேடையில் எந்தக் குரலோ தட்டிலும் அதே குரல்.

அந்தக் குரல் என்ன செய்கிறது என்று பக்கத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் சில விநாடிகள் ஹார்மோனியம்; அண்ணன் காசி ஐயரின் கை. அது ராகத்தின் முகத்தைக் காட்டி முடிப்பதற்குள் குரல் எழுந்துவிடும். விருத்தமாக இருந்தால் தாளம் கிடையாது. சொல்லை நிறுத்தி, அதன் கடைசி எழுத்தில் ராகத்தை நீட்டி, அந்த நீட்டலுக்குள்ளேயே பிர்கா. அந்தப் பிர்கா ஒரே சறுக்கலாக விழுவதில்லை. வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே, மணி மணியாக நிற்கிறது. மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, அதையும் தாண்டிச் சில ஸ்வரங்கள் போய்விட்டு, இறங்கும்போது குரலின் கனத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருகிறார். வாக்கியம் முடியும் இடத்தில் அது ஏறக்குறையப் பேச்சு. கத்துகிற தொண்டையால் முடியாத காரியம் இது ஒன்றுதான்: உயரத்தில் நின்றுகொண்டே மெலிவது. கிட்டப்பாவின் சிறந்த தட்டுகளில் இந்த மெலிவு திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்ப் பதங்களில் மட்டும் அல்ல, தேவாமிருதவர்ஷிணி ராகத்தில் அமைந்த தியாகராஜர் கீர்த்தனையிலும் வருகிறது. நளினம் மைக்கோடு வந்து இறங்கியது என்பவர்கள் இந்தப் பக்கங்களை உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, அது பழக்கதோஷமாக இருக்கலாமே என்று கேட்பார்கள். மேடையில் உயர்த்திப் பாடிப் பழகியவர்கள் பதிவு அறையிலும் அப்படியே பாடிவிட்டார்கள். காலம் கொடுத்திருந்தால் மாறியிருப்பார்கள். நியாயமான கேள்விதான், கிட்டப்பாவை மட்டும் வைத்துப் பதில் சொல்லவும் முடியாது. அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து காவிரியைத் தாண்டினால் கொடுமுடி, அங்கே பிறந்தவர். 1953ல் ஔவையார், 1964ல் பூம்புகார், 1965ல் திருவிளையாடல். கடைசி இரண்டிலும் ஐம்பதைக் கடந்த வயது, நவீன ஒலிப்பதிவுக் கூடம், முணுமுணுத்தாலும் பதிவாகும் மைக். இறக்கிப் பாடுங்கள் என்று வயதே சொல்லும். அப்போதும் அவர் தன் உயரத்தை விடவில்லை; அந்தப் பாட்டுகளுக்காகவே ஜனம் திரும்பத் திரும்பக் கொட்டகைக்கு வந்தது. முப்பது ஆண்டுகள், காரணம் தீர்ந்த பிறகும் ஒருவர் காத்து வைத்திருப்பதைப் பழக்கம் என்று தள்ள முடியாது. அதற்குப் பெயர் பாணி. சேலத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் எழுப்பிய மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த உத்தம புத்திரன் (1940), மனோன்மணி (1942) இரண்டிலும் நாயகன் பி.யு. சின்னப்பா. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த குரல், சினிமாவின் மைக்குக்கு முன்னால் மேடை ஸ்ருதியைக் கைவிடாமல் பாடியது. அந்தக் கூடம் இன்று இல்லை. நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. சின்னப்பாவின் குரல் இருக்கிறது. அவருக்கும் பிறகு, மைக்கைத் தவிர வேறெதையும் அறியாத தலைமுறையில் வந்த சீர்காழி கோவிந்தராஜன் எந்த இடத்தில் பாடினார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சேரி மேடையில் முசிறி சுப்பிரமணிய ஐயரின் புகழும் மேல் ஸ்ருதியில்தான் இருந்தது. இத்தனை பேரும் ஒரு கருவி இல்லாததால் ஒரே தவறைச் செய்தார்கள் என்று நம்புவதைவிட, தமிழ்க் காது அந்த உயரத்தில் ஒரு அழகைக் கண்டது என்று நம்புவது எளிது.

மைக் ஒன்றும் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. காதருகே பேசுவதுபோல் பாடும் ஒரு புதுக் கலையை அது திறந்துவிட்டது; ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் அதில் அடைந்ததை முந்தைய மேடையில் அடைந்திருக்கவே முடியாது. மேற்கிலும் மைக் வந்த பிறகு மெல்லிசைப் பாடகர்கள் தனி வழியாகப் போனார்கள். ஆனால் அங்கே அந்த வழியைக் காட்டி, ஓபரா பாடியவர்கள் வழி தெரியாமல் கத்தியவர்கள் என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை. புதியது வந்ததும் பழையதைக் குறையாக்கிப் பேசும் புத்தி நமக்குத்தான் வந்துவிட்டது.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. கரகரவென்று இரைகிற பழைய தட்டை வைத்துக்கொண்டு குரலின் நுட்பத்தைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்? முடியும், தட்டு எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரிந்திருந்தால். கொம்புக்குழாய்ப் பதிவு ஏறக்குறைய 250 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை. மின்பதிவு 100 முதல் 5000 வரை. குரலின் அடிக்கனமும் மேல்மினுக்கமும் ஓரளவு போய்விடும்; நடுப்பகுதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். நாம் கீச்சு என்று நினைப்பதில் ஒரு பங்கு தட்டின் வேலை. சத்தமோ தட்டில் இல்லவே இல்லை. அதை வைப்பது நம் கையிலுள்ள குமிழ். சேலம், நாமக்கல் சமவெளியில் பலருக்கு அந்தப் பாட்டுகள் அறிமுகமானது வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில். ரேடியோ செட்டுக்காரர் முழுச் சத்தத்தில் வைக்க, அது நடுப்பகுதியை இன்னும் கூர்மையாக்கித் துப்பியது. அந்தக் குழாயின் குற்றத்தைக் கிட்டப்பாவின் தொண்டையில் ஏற்றிவிட்டோம். வேகமும் சேர்ந்துகொள்கிறது. 78 என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாத் தட்டும் 78 சுற்றில் வெட்டப்பட்டதல்ல. 80 என்று அச்சிட்ட தட்டுகளும் உண்டு, அதற்குக் குறைந்த வேகத்தில் பதிந்தவையும் உண்டு. 74ல் வெட்டிய தட்டை 78ல் ஓட்டினால் ஸ்ருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும், பிர்கா இருபதில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். அதைக் கேட்டுவிட்டு, மனிதக் குரலே இல்லை என்று வியப்பதும் கத்தல் என்று பழிப்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

சேகரிப்பாளர் தேவைப்படுவது இங்கேதான். எல்லாம்தான் யூடியூபில் கிடைக்கிறதே என்கிறார்கள். அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி, தட்டிலிருந்து கேசட்டுக்கும் கேசட்டிலிருந்து கணினிக்கும் கைமாறி வந்தது. எந்த வேகத்தில் ஓட்டினார்கள் என்ற குறிப்பு இல்லை. இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் மேல்பகுதியையும் சுரண்டிவிட்டார்கள். தட்டின் எண் இல்லை, எந்தக் கம்பெனி என்பதும் இல்லை. அசல் தட்டு கையில் இருந்தால் இவற்றையெல்லாம் சரிபார்க்கலாம். லேபிளை ஒட்டிய வெற்றுப்பகுதியில் கீறியிருக்கும் எண், அது எந்தப் பதிவு என்று சொல்லும். ஹார்மோனியத்தின் ஸ்ருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ தொங்கினால் வேகம் தவறு என்று தெரிந்துவிடும். எல்.பி. ஊசியின் முனை 0.02 மில்லிமீட்டர் அளவு. 78 தட்டின் பள்ளத்துக்கு 0.07 மில்லிமீட்டர் வேண்டும். சின்ன ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் படிக்கும். இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பவர் பழைய நினைவில் மயங்கியவராக இருக்க முடியாது. கிட்டப்பா போய்த் தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அவரை மேடையில் கேட்ட நினைவு இன்று தட்டு சேர்ப்பவர் எவருக்கும் இல்லை. அவர்களைப் பிடித்திழுப்பது நினைவு அல்ல, குரல். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்ததும், மும்பையில் 1990ல் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு சங்கமாகக் கூடியதும் அந்த இழுப்பால்தான். பிரிட்டிஷ் நூலகம் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தில் யங் இந்தியா, ஓடியன் கம்பெனிகளின் தட்டுகளை மின்வடிவாக்கியபோது அவை வந்து சேர்ந்ததும் தனியார் அலமாரிகளிலிருந்துதான். நியூயார்க்கிலும் கதை வேறல்ல. மெட்ரோபாலிடன் ஓபராவின் நூலகர் லயனல் மேப்பிள்சன் 1901 முதல் 1903 வரை மேடை நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாக மெழுகு உருளைகளில் பதிந்தார். தன் காலத்தின் தலைசிறந்த டெனார் என்று கொண்டாடப்பட்ட ஜான் தெ ரெஸ்கேயின் குரல் உலகத்தில் மிஞ்சியிருப்பது அவற்றில் மட்டுமே. இரைச்சல் கடல்போல, நடுவே இரண்டு நிமிடம் ஒரு குரல். அவற்றைத் தட்டுகளாக வெளியிட்டு உலகத்துக்குக் கொடுத்தவர் ஒரு சேகரிப்பாளர். ஓபரா ரசிகர்கள் இன்றும் அந்த இரைச்சலுக்குள் காதைத் தீட்டி உட்காருகிறார்கள். அவர்களை யாரும் கிறுக்கர்கள் என்று சொல்வதில்லை.

நம்மிடம் இருப்பது அந்த உருளைகளைவிட எவ்வளவோ தெளிவான பதிவு. 1930களின் தமிழ்ப் பேசும்படங்களில் பெரும்பகுதி ஒரு சுருள்கூட மிஞ்சாமல் போய்விட்டது. தட்டுகள் அப்படிப் போகவில்லை. சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் ஆத்தூரிலும் கிராமபோன் வைத்திருந்த வீடுகளின் பரண்களில் இன்னும் சில கிடக்கலாம். அவற்றைப் படுக்கவைத்து அடுக்கினால் விரிசல் விடும்; நிறுத்தி வைக்க வேண்டும். பழைய பெட்டியில் இரும்பு ஊசி போட்டு ஓட்டினால் ஒவ்வொரு முறையும் பள்ளம் தேயும். அலங்காரத்துக்கு வாங்கிப்போய்ச் சுவரில் ஆணியடிப்பவரிடம் கொடுப்பதற்கு முன், தட்டின் இரு பக்கத்து லேபிளையும் எண்ணையும் குறித்துவைத்து, ஒழுங்கான ஊசியில் ஒரு தடவை பதிந்துகொள்ளலாம். மைக் இல்லாததால் கத்தினார்கள் என்று அடுத்த முறை எழுதப்போகிறவர் அப்படிப் பதிந்த ஒரு பக்கத்தை, ஹார்மோனியத்தோடு ஸ்ருதியைச் சரிபார்த்து, குமிழைப் பாதியில் வைத்து முழுசாகக் கேட்கட்டும். கேட்ட பிறகும் கத்தல்தான் என்று அவருக்குத் தோன்றினால், எந்த இடத்தில், எந்த ஸ்வரத்தில் என்று சொல்லட்டும். அந்த இடத்தை வைத்துக்கொண்டு பேசலாம்.